கரன்ட் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தால் மூச்சுத்திறன் கூடுமா?

அடையாறு நத்தை (இழையைத் தொடங்கியவர்)

வயது 43. ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறேன். வேகம் என் பெயரிலேயே இருக்கிறது: 21 கிலோமீட்டரை 2 மணி 18 நிமிடத்தில் முடித்ததுதான் இதுவரை என் உச்சம். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் அதை 2 மணி 10 நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைத்திருந்தேன். இடது கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல் வந்துவிட்டது. எட்டு வாரம் ஓடக்கூடாது, மூன்றாவது வாரத்திலிருந்து நிலை சைக்கிள் மிதிக்கலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு அருகில் தசை மின்தூண்டல் பயிற்சி மையம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். ஈரமான உடுப்பு ஒன்றைப் போட்டு, அதில் வயர்களை மாட்டி, சைக்கிள் மிதிக்க வைக்கிறார்கள். 20 நிமிடம் போட்டால் ஒன்றரை மணிநேரப் பயிற்சிக்குச் சமமாம். 12 முறைக்கு 18,000 ரூபாய். தசை வலுவாகும் என்பதை நம்புகிறேன். எனக்கு வேண்டியது அதுவல்ல. வி.ஓ.2 மேக்ஸ், அதாவது மூச்சுத்திறன், இந்த எட்டு வாரத்தில் சரியாமல் இருக்குமா? கூடவும் செய்யுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஊசிப்பட்டாசு (கோவை)

தாராளமாகச் சேருங்கள் அண்ணா. எட்டு மாதமாகப் போகிறேன். முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்து, மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். ஆறு ஆண்டு ஜிம்முக்குப் போனபோதுகூட அப்படி ஆனதில்லை. சோவியத் காலத்து ஒலிம்பிக் வீரர்களே இதைச் செய்துதான் பதக்கம் வாங்கினார்கள் என்று எங்கள் மையத்தில் படமே மாட்டியிருக்கிறார்கள். வெறும் சைக்கிளில் தொடை அப்படி எரியாது. எரிகிறதென்றால் வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

தவளைக்கால்

பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு முன்கூட்டியே: ஆம், மின்சாரம் பட்டதும் செத்த தவளையின் கால் துள்ளியதைக் காட்டிய கால்வானியின் தவளைதான். தசை உடலியங்கியல் என் பிழைப்பு.

சோவியத் கதையில் பாதி உண்மை இருக்கிறது. யாகோவ் கோட்ஸ் என்ற ஆய்வாளர் 1977இல் மொன்ட்ரியாலில் ஒரு கருத்தரங்கில் தம் முறையை விளக்கினார். 2,500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,500 அலை கொண்ட மின்னோட்டம், 10 வினாடி இறுக்கம், 50 வினாடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கும் வலிமை 40 சதவீதம்வரை கூடியது என்றார். மேற்கில் பலர் திரும்பச் செய்து பார்த்தும் அந்த அளவு கிடைக்கவில்லை. அது எப்படியோ போகட்டும், அவர் பேசியது வலிமையைப் பற்றி. பளு தூக்குபவரின் கேள்வி அது. நத்தை கேட்பது வேறு.

எரிவது பற்றி: நாமாக ஒரு தசையை இயக்கும்போது மூளை சின்ன, மெதுவான, களைப்பறியாத தசை இழைகளை முதலில் வேலைக்கு அனுப்புகிறது. பாரம் ஏறினால்தான் பெரிய, வேகமான இழைகளைக் கூப்பிடும். களைத்தவர்களை உட்காரவைத்து வேறு ஆட்களை மாற்றியும் விடும். மின்சாரத்துக்கு இந்த வரிசையெல்லாம் தெரியாது. தோலில் ஒட்டும் மின்முனைப் பேடுக்கு அடியில் எந்த நரம்புக் கிளை கைக்கெட்டுகிறதோ அதைத் தட்டி எழுப்பும். எழுப்பியவர்களையே மீண்டும் மீண்டும், எல்லோரையும் ஒரே கணத்தில் எழுப்பும். அதனால் சின்ன வேலைக்குக்கூட வேக இழைகள் சர்க்கரையை எரித்து லாக்டேட் கொட்டுகின்றன. தொடை எரிகிறது. அந்த எரிச்சல் தொடையின் ஒரு மூலையில் நடக்கும் கலவரம். இதயத்துக்கு அதிலிருந்து எவ்வளவு வேலை போய்ச் சேர்ந்தது என்பதை எரிச்சலை வைத்து அளக்க முடியாது.

இதே கேள்வியை நேராகச் சோதித்தது கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 21 ஆண்கள், ஏற்கெனவே நல்ல உடற்தகுதி உள்ளவர்கள். இரண்டு குழு. இரண்டுக்கும் 4 வாரத்தில் 14 முறை, ஒவ்வொரு முறையும் 60 நிமிடம் மிதமான சைக்கிள். ஒரு குழுவுக்கு மட்டும் மிதிக்கும்போதே கால் தசைகளில் மின்தூண்டல். முடிவு 2017இல் வந்தது. இரண்டு குழுவும் முன்னேறின, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை. இத்தனைக்கும் மின்தூண்டல் குழுவுக்கு ஒவ்வொரு அமர்விலும் வளர்சிதை மாற்றச் சுமை கூடுதலாகவே இருந்தது. எரிந்தது, ஆனால் அதனால் மூச்சு கூடுதலாக ஏறவில்லை.

ஊசிப்பட்டாசு

நீங்கள் ஒரு ஆய்வு சொன்னால் நானும் ஒன்று சொல்வேன் சார். ஸ்பெயினில் கிரானடாவில் ஓட்டக்காரர்களுக்கே செய்திருக்கிறார்கள், 2018. ஆறு வாரம் உடுப்பு போட்டவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் கூடியது, ஓட்டச் சிக்கனமும் (அதே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜன்) கூடியது. எங்கள் பயிற்சியாளர் காட்டினார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தவளைக்கால்

நல்ல ஆய்வுதான், நானும் படித்திருக்கிறேன். மொத்தம் 12 பேர், குழுவுக்கு 6. ஓட்டத்தை இரு குழுவுக்கும் வெகுவாகக் குறைத்துவிட்டு, ஒரு குழுவுக்கு உடுப்போடு கூடிய பயிற்சி கொடுத்தார்கள். அந்த உடுப்புக்குள் அவர்கள் சும்மா நிற்கவில்லை. அமர்ந்து எழுவது, இடைவிட்ட தீவிரப் பயிற்சி என்று செய்தார்கள். அந்தப் பயிற்சியை மின்சாரம் இல்லாமல் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு அங்கே மூன்றாவது குழு கிடையாது. கொலோனில் அந்த ஒப்பீடு இருந்தது. அதனால்தான் என் தராசு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆறு பேரை வைத்து 18,000 ரூபாய் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

பிசியோ மங்கை (திருச்சி)

16 வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். "அம்மா, இன்றைக்குக் கரன்ட் வைப்பீர்களா?" என்று கேட்டுக்கொண்டே வருபவர்கள் தினம் பத்துப் பேர். கரன்ட் வைத்தால்தான் வைத்தியம் நடந்ததாக நம் ஊரில் ஒரு நம்பிக்கை. பயிற்சி சொல்லிக் கொடுத்தால் காசு கொடுக்க யோசிப்பார்கள். இரண்டு பேடை ஒட்டினால் மறுபேச்சில்லை. மையங்கள் அறுவடை செய்வது இந்த நம்பிக்கையைத்தான்.

மூச்சுத்திறன் என்றால் என்ன என்பதை நத்தை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும். இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, அந்த இரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை உருவிக்கொள்கின்றன, இந்த இரண்டின் பெருக்கல்தான் அது. மின்தூண்டல் இரண்டாவதில் கொஞ்சம் கைவைக்கலாம். தொடர்ந்து நாள்கணக்கில், நொடிக்குப் பத்துத் துடிப்பு என்று முயல்களின் வேகத் தசையைத் தூண்டியபோது அது மெதுத் தசையாகவே மாறியதை 1960களின் கடைசியிலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் முயலுக்கு நாள் முழுவதும் கொடுத்ததை மனிதருக்கு வாரம் 20 நிமிடம் கொடுத்துவிட்டு அதே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. முதலாவதான இதயத்தை வேலை வாங்க வேண்டுமென்றால் பெரிய தசைகள் பல, தாளமாக, நெடுநேரம் இயங்க வேண்டும்.

அப்படிச் செய்யும் மின்தூண்டலும் உண்டு. மையங்களில் கொடுப்பது 85 ஹெர்ட்ஸ் சுற்றில். தசை கல்லாக இறுகி நிற்கும், பிறகு விடும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வேறு வழியில் போனார்கள். காலின் பெரிய தசைகளின் மேல் பேடுகள், ஏறக்குறைய 4 ஹெர்ட்ஸ். தசை இறுகாது, குளிரில் நடுங்குவது போலத் துடித்துக்கொண்டே இருக்கும். நடுக்கம் என்பது உடல் தானே கண்டுபிடித்த உடற்பயிற்சிதானே? உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 15 பேர் ஆறு வாரத்தில் 29 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் அதைச் செய்தார்கள். இதயத்துடிப்பு ஏறியது, மூச்சுத்திறனும் உண்மையாகவே கூடியது. இதில் மூன்று சொற்களைக் கவனியுங்கள்: பழக்கமே இல்லாதவர்கள், 29 முறை, ஒரு மணிநேரம். நீங்கள் ஐந்து ஆண்டு ஓடியவர், உங்களுக்குக் கிடைப்பது 12 முறை, 20 நிமிடம்.

இன்னொன்று. உங்களுக்குக் கீழ்க்கால் எலும்பில் விரிசல். கெண்டைக்கால் தசையை மின்சாரத்தால் பலமாக இறுக்கினால் அது இழுப்பது அதே எலும்பைத்தான். மையத்தில் இதைக் கேட்டார்களா?

அடையாறு நத்தை

கேட்கவில்லை அக்கா. பெயர், எடை, கைப்பேசி எண், இவ்வளவுதான் படிவத்தில் இருந்தது. பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று ஒரு வரி இருந்ததாக நினைவு.

பெக்னிட்ஸ் கரை (நியூரம்பெர்க்)

ஜெர்மனியில் இந்த உடுப்பு மையம் தெருவுக்கு ஒன்று. நானும் இரண்டு வருடம் உறுப்பினர். இங்கே 2020 டிசம்பர் கடைசியில் ஒரு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. தகுதிச் சான்று இல்லாதவர் இதை இயக்கக்கூடாது. இப்படி ஒரு விதி ஏன் தேவை என்பதற்குப் பக்கத்து ஊரான எர்லாங்கனில் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு முதல் அமர்விலேயே முழுத் தீவிரத்தில் 20 நிமிடம் கொடுத்தார்கள். தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, வழக்கமான அளவைப் போல 117 மடங்கு ஆனது. அதுவும் உடனே ஏறவில்லை, மூன்றாம் நான்காம் நாளில்தான் உச்சம். மாரத்தான் ஓடியவருக்குக்கூட அவ்வளவு ஏறாது. பத்து வாரம் மெதுவாகப் பழகிய பிறகு அதே தீவிரம் கொடுத்தபோது ஏற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் அதே குழு எழுதிய வழிகாட்டுதலில் முதல் அமர்வு மிதமாக, முதல் 8 முதல் 10 வாரம் வாரத்துக்கு ஒரே முறை, 20 நிமிடத்துக்கு மேல் போகாமல் என்று இருக்கிறது.

ஊசிப்பட்டாசு தம்பி, முதல் நாளே படியில் பக்கவாட்டில் இறங்கினேன் என்கிறீர்களே, அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். உங்கள் மையம் செய்த தவறு அது.

வெயில்காலக் கிணறு (மதுரை)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெக்னிட்ஸ் சொன்னதால் எழுதுகிறேன். போன மே மாதம் ஒரு மையத்தில் இலவச முதல் அமர்வுக்குப் போனேன். பழக்கமில்லாத ஆள், நல்ல வெயில், காலையிலிருந்து தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. "இன்னும் தாங்குவீர்களா சார்?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்ததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கை மடங்கவில்லை. மூன்று நாள் மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. மையத்துக்குப் போன் செய்தால், அதிகமாக எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொன்னார்கள்.

பிசியோ மங்கை

வெயில்காலக் கிணறு சொன்ன நிறத்தை எல்லோரும் நினைவில் வையுங்கள். அந்த நிறம் வந்தால் எலுமிச்சையும் இல்லை, இளநீரும் இல்லை, நேராக மருத்துவமனைதான்.

கணக்கு வாத்தியார் (கும்பகோணம்)

வணக்கம். வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியர். மாரத்தான் எல்லாம் எனக்கு வேடிக்கை பார்க்கும் விஷயம். இரண்டு ஆண்டுக்கு முன் மாரடைப்பு வந்து, இப்போது இதயத்தின் பம்பு திறன் 30 சதவீதம் என்கிறார்கள். மகாமகக் குளத்தை ஒரு சுற்று வந்தால் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஓடுகிறவருக்குப் பயனில்லை என்று இங்கே முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. நடக்கவே முடியாதவனுக்கு?

பிசியோ மங்கை

ஐயா, இந்த இழையிலேயே சரியான கேள்வி உங்களுடையதுதான்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, தொடையிலும் கெண்டையிலும் மின்தூண்டல் கொடுத்துப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் மூச்சுத்திறனும் கூடுகின்றன. சைக்கிள் மிதிக்க முடிந்தவர்களோடு ஒப்பிட்டால் சைக்கிளே முந்துகிறது. நீண்டநாள் நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கும் இது உதவுகிறது. காரணம் எளிது. அவர்களுக்கு மூச்சு வாங்குவதால் கால் ஓய்ந்து கிடக்கிறது, ஓய்ந்து கிடப்பதால் கால் மெலிகிறது, மெலிந்த கால் சின்ன வேலைக்கே அதிக மூச்சைக் கேட்கிறது. படுத்த இடத்திலேயே காலை மட்டும் வேலை வாங்கினால் அந்த வட்டத்தை எங்காவது உடைக்கலாம்.

ஆனால் உங்கள் மார்புக்குள் பேஸ்மேக்கரோ, துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ வைத்திருந்தால், இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு பேடும் ஒட்டக்கூடாது. கடைத்தெரு மையம் பக்கமே போகாதீர்கள். இதய மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள்.

தம்பியின் அக்கா (வேலூர்)

வாத்தியார் ஐயா கேட்டதை ஒட்டி. என் தம்பிக்கு 2014இல் பைக் விபத்தில் தண்டுவடம் போய்விட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பாகாயத்தில் மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தவன். கையால் சக்கர நாற்காலியைத் தள்ளுவதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே உடற்பயிற்சி. தோள்பட்டை தேய்ந்துவிடும் என்று அதற்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள்.

2016இல் சூரிக் நகருக்குப் பக்கத்தில் சைபத்லான் என்று ஒரு போட்டி நடந்தது. கால் அசையாதவர்கள் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்து, மின்தூண்டலால் தங்கள் சொந்தக் காலையே மிதிக்கவைத்து 750 மீட்டர் ஓட்டினார்கள். மோட்டார் கிடையாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து அணி வென்றது. அவர்கள் வீரருக்கு மின்முனைகளை உடலுக்குள்ளேயே பொருத்தியிருந்தார்கள். தம்பி அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. அவன் சொன்னது: "அக்கா, ஜெயித்தவனைவிடக் கடைசியாக வந்தவனைப் பார். அவன் காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறான்."

அதற்கு மூச்சுத்திறன் கூடுமா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. தவளைக்கால் சொல்லட்டும்.

தவளைக்கால்

கூடும். ஆனால் கால் மட்டும் போதாது. மின்தூண்டலால் மிதிக்கும் முடங்கிய கால் தருவது பெரும்பாலும் 10, 20 வாட்தான்; முன்னே சொன்ன அதே முரட்டு எழுப்பல் காரணமாக விரைவில் களைக்கும். அதனால் கலப்பு முறை வந்தது. துடுப்பு இயந்திரத்தில் உட்காரவைத்து, கையால் இழுப்பது அவர் சொந்த முயற்சி, காலால் தள்ளுவது மின்தூண்டல். கையால் மட்டும் செய்யும்போது எட்டாத ஆக்சிஜன் அளவை இதில் எட்டுகிறார்கள். கையில் உள்ள சின்னத் தசைகள் எவ்வளவு கேட்டாலும் இதயத்துக்கு அது பெரிய வேலையில்லை. தொடையும் சேர்ந்து கேட்கும்போதுதான் இதயம் நிமிர்ந்து உட்காரும். மேலும் கால் தசை சுருங்கும்போது அங்கே தேங்கிக் கிடக்கும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது, இதயத்துக்குத் தள்ளுவதற்குச் சரக்கு கிடைக்கிறது.

நத்தைக்கு இந்த மின்தூண்டல் உபரி. உங்கள் தம்பிக்கு அது இல்லாவிட்டால் அந்தத் தொடையே கணக்கில் வராது.

பிசியோ மங்கை

ஒரு எச்சரிக்கை மட்டும் அக்கா. மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கணுவிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு மின்தூண்டலின்போது இரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். எலும்பும் மெலிந்திருக்கும். மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

பெக்னிட்ஸ் கரை

ஜப்பானையும் விட்டுவிட வேண்டாம். குருமே பல்கலைக்கழகத்தார் நேரெதிராக யோசித்தார்கள். நீங்கள் முழங்காலை நீட்டும்போது, மடக்கும் தசைக்கு மின்சாரம். மடக்கும்போது நீட்டும் தசைக்கு. உடம்பே தனக்கு எடையாகிவிடும். எடையே இல்லாத விண்வெளி நிலையத்திலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சைக்கிளில் எதிர்ப்பைக் கூட்டும் குமிழ் இல்லாத இடத்துக்கு ஏற்ற யோசனை.

அடையாறு நத்தை

இரண்டரை வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 18,000 ரூபாய் கட்டவில்லை. பெக்னிட்ஸ் சொன்ன "குமிழ்" என்ற சொல் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. சைக்கிள் மிதிக்க மருத்துவர் அனுமதி கொடுத்ததும், எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இரண்டு தொடையிலும் மட்டும் பேடு, கீழ்க்காலைத் தொடவில்லை. நிலை சைக்கிளில் பத்து நிமிடம், 90 வாட். மின்சாரம் இல்லாமல் இதயத்துடிப்பு 117. ஓய்வெடுத்து, அதே 90 வாட், தாங்கும் அளவுக்கு மின்சாரத்தோடு: 123. தொடை பற்றி எரிந்தது, எட்டாவது நிமிடத்தில் நிறுத்தலாமா என்று நினைத்தேன். பிறகு பேடைக் கழற்றிவிட்டுக் குமிழை 110 வாட்டுக்குத் திருகினோம். 130. மூச்சு வாங்கியது, ஆனால் எரிச்சல் இல்லை, இன்னும் அரைமணி மிதித்திருப்பேன்.

நான்கு நாள் கழித்து மீண்டும் செய்தோம். மின்சாரத்தால் கூடியது அப்போது 3 துடிப்புதான். முதல் நாள் கூடிய ஆறில் பாதி பயம் என்று அவர் சிரித்தார்.

தவளைக்கால்

ஒரே ஒரு ஆள், ஆய்வென்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடம் போட்டுத் தாருங்கள், என் மாணவர்களுக்குக் காட்டுகிறேன்.

ஊசிப்பட்டாசு

நேற்று இரத்தம் கொடுத்து சி.கே. (பெக்னிட்ஸ் சொன்ன அந்தக் கிரியேட்டின் கைனேஸ்) பார்த்தேன். எட்டு மாதம் பழகியும், அமர்வு முடிந்த மூன்றாம் நாள் வரம்பைவிட நான்கு மடங்கு. மையத்தில் காட்டி அளவைக் குறைக்கச் சொன்னேன், "அப்படியென்றால் பலன் தெரியாதே" என்றார்கள். எனக்கு முதுகுவலி போனது இதனால்தான், அதனால் விடப்போவதில்லை. ஆனால் மூச்சுக்காக என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். நத்தை அண்ணா, ஜனவரியில் பார்ப்போம்.

கணக்கு வாத்தியார்

இதய மருத்துவரிடம் கேட்டேன். கருவி எதுவும் எனக்கு உள்ளே இல்லை என்பதால், தஞ்சையில் ஒரு மறுவாழ்வுப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். முதல் நாள் நீண்ட தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்து அளந்தார்கள். 262 மீட்டர், நடுவில் ஒரு முறை நின்றேன். வாரம் மூன்று நாள் தொடையில் கரன்ட், பிறகு நிலை சைக்கிளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. எட்டு வாரம் கழித்து அதே தாழ்வாரத்தில் மீண்டும் அளப்பார்களாம். எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.